முன்கண்ணாடி

காக்கா வரவில்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

வத்தல் காயப்போட்ட மொட்டை மாடிக்குக் காக்கா வரவில்லையென்றால் சந்தோஷப்படாமல் இவளுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். பிரகதீஸ்வரி திருக்கோகர்ணத்தில் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சித்திரை வைகாசி தவறாமல் கூழ் வத்தல் போடுகிறவள். காக்காயோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசைத் தொலைத்தவள். கறுப்புக் குடையை விரித்து வைப்பாள், பழைய சிடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள், கல்லெடுத்து எறிந்து பக்கத்து வீட்டாரிடம் பேச்சும் வாங்குவாள். காக்கா எதையும் சட்டை பண்ணாது. அன்றைக்கு என்னடாவென்றால் எல்லாம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, இவள் விரித்த வெள்ளை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. கரையவும் இல்லை.

குனிந்து பார்த்தாள். வேட்டியின் ஒரு மூலையில், வரிவரியாகப் பிழிந்திருந்த கூழின் மேல் ஏதோ விழுந்து சிதறிக் கிடந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் மஞ்சளும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஒரு கட்டி, அதைச் சுற்றிச் சளி இழுபட்ட மாதிரி நூல்நூலாக ஈரம், அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எண்ணெய்த்தாளைப் போல மெல்லிசாக ஒரு தோல். காற்று துளிகூட இல்லை. அந்தத் தோல் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாடை இருக்கிறதே, நசுங்கின வண்டின் வாடையும், அழுகின முட்டையும், சின்ன வயதில் காசை வாயில் போட்டுச் சப்பினால் வருமே அந்தத் துருவும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கோவில் பக்கத்துப் புளியமரத்து வௌவால்களைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். அந்த மூலையை மட்டும் தகரத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கழுவுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் டம்ளரை மோந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்கமாட்டாள். பஸ்ஸில் சீட்டைத் துடைக்காமல் உட்காரமாட்டாள். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு முழுவதும் பட்டினிதான். புருஷன் கண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ராத்திரி ஓட்டம் முடிந்து வந்தானென்றால், முன்கண்ணாடியில் அடித்துச் செத்த பூச்சிகளை ஈரப் பேப்பர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரம் இவள் வாசல் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டாள்.

வத்தலிலும் அதே சுத்தம்தான். வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிக்கவேண்டும் என்று விடியுமுன்னே எல்லாரும் மாடி ஏறுவார்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். பிரகதீஸ்வரி விளக்குப் போடமாட்டாள். விளக்கைப் போட்டால் பூச்சி வரும், வந்தால் கூழில் விழும். அதனால் கூழ்க் குண்டானைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பழக்கத்தில் இருட்டிலேயே அச்சில் அள்ளிப் போட்டுப் பிழிவாள். எங்கள் வீட்டு வத்தலில் ஒரு கொசு இறக்கையைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று தெருவில் சவால் விட்டுச் சொல்லுவாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

இந்த வருஷம் பக்கத்தில் மகள் சரண்யாவும் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானவள். ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. போன மாசம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். எதைத் தின்றாலும் வாந்திதான் அவளுக்கு. வயிற்றில் நின்றது இந்தக் கூழ் ஒன்றுதான். விடிகாலையில் மாடிக்கு ஏறிவந்து, தாய் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, கிண்ணத்தை நீட்டுவாள். சூடாக அள்ளிப் போடுவாள் பிரகதீஸ்வரி. இருட்டில் மகள் சப்புக்கொட்டித் தின்னும் சத்தத்தைக் கேட்கும்போது, இந்த ஒரு புள்ளை நல்லபடியாகப் பிறந்து கைக்கு வந்துவிட்டால் தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

மறுநாள் ஒரு மூலை இல்லை, வேட்டி முழுக்க அங்கங்கே அதே சிதறல். கைப்பிடிச் சுவரிலும் தரையிலும்கூட. ஒவ்வொன்றிலும் அந்த மெல்லிய தோல் துடித்தது. பிரகதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. சத்தம்போட்டுக் கண்ணனைக் கூப்பிட்டாள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தான். கூச்சமே கிடையாது அந்த மனுஷனுக்கு. வண்டிக் கண்ணாடியில் அடித்த பூச்சி மாதிரியே இருக்கிறதே என்றான். பிறகு அவனே சிரித்தான்.

"நிக்கிற வண்டியில பூச்சி அடிக்காது பிரகதி. ஓடுற வண்டியிலதான் அடிக்கும். நம்ம மாடி என்ன ஆலங்குடிக்கா ஓடுது?"

பின்போர்ஷனில் குடியிருக்கிற பிளெஸ்ஸி அப்போது கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். லீவு நாளிலும் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது அவளால். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஓடத்தானே செய்யுது அண்ணே என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதையெல்லாம் பிரகதீஸ்வரி பாதிக் காதோடுதான் கேட்டாள், ஆனால் ஒன்றும் விட்டுப்போகாமல் மண்டைக்குள் போய்த் தங்கிவிட்டது. பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிறதாம். ஒரு செகண்டுக்கு முப்பது கிலோமீட்டர். ஒண்ணு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஆலங்குடியைத் தாண்டிப் போயிருப்போமாம். நமக்குத் தெரியாததற்குக் காரணம், குலுங்காமல் ஓடுவதும் எல்லாம் சேர்ந்து ஓடுவதும்தானாம். பஸ்ஸுக்கு முன்பக்கம் இருக்கிற மாதிரி பூமிக்கும் முன்பக்கம் உண்டாம். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அது ஒவ்வொரு ஊருக்கும் மாறி மாறி வருமாம். விடியக்காலம் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே. மத்தியானம் மேற்கே இறங்கிவிடும். சாயங்காலம் காலுக்கு அடியில். அதனால்தான் விண்கல் விழுவதெல்லாம் விடியக்காலத்தில் ஜாஸ்தியாம்.

"சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தானே வருது, அப்பறம் என்ன?" என்றான் கண்ணன்.

"இல்லண்ணே. சூரியனே நம்மளை இழுத்துக்கிட்டு அதைவிட வேகமாப் போய்க்கிட்டிருக்கு. போன வருஷம் இருந்த எடத்துல இப்ப நாம இல்ல. இனி எப்பவும் அங்கிட்டுத் திரும்பி வரமாட்டோம். எந்நேரமும் புது எடத்துக்குள்ளதான் போறோம்."

அப்படிப் போகிற வழியில் அடிக்கிற பூச்சிதானா இது என்று கண்ணன் கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டாள். நமக்கு மேலே அவ்வளவு கனத்துக்குக் காற்று இருக்கிறது, எது வந்தாலும் எரிந்துபோகும், இது வௌவால் வேலைதான் அக்கா என்றாள். கண்ணன் மட்டும் குச்சியைக் கீழே போடாமல் யோசனையாக நின்றான். கடினமான வண்டுதான் கண்ணாடியில் மோதிச் சிதறும், லேசான பூச்சி காற்றோடு வழுக்கிக்கொண்டு சன்னல் வழியாக உயிரோடு உள்ளே வந்துவிடும் என்றான். அப்புறம், யாரும் கேட்காமலே, மழை முடிந்த சமயம் கண்மாய்க் கரை ரோட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொன்னான்.

"மொதல்ல டப்புன்னு ஒண்ணு விழும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. சரி, அவ்வளவுதான்னு நெனப்போம். கரை ஏறுனோம்னா மழையா அடிக்கும். வைப்பரைப் போட்டா இன்னும் மொழுகிவிடும். ஒண்ணுந் தெரியாது."

வாயை மூடுங்கள், காலங்காத்தாலே குமட்டுகிறது என்று பிரகதீஸ்வரி அவனைக் கீழே விரட்டினாள். அன்று மாலையே அவன் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாண ட்ரிப்புக்குக் கிளம்பிப் போய்விட்டான். இரண்டு நாள் வேலை.

அடுத்த நாள் வத்தல் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரண்யா கூழ் கேட்டாள். கேட்டாள் என்பதுகூடச் சரியில்லை, பிடிவாதம் பிடித்தாள். மாடியில் போய்த்தான் தின்பேன் என்றாள். அடுப்படியில் அள்ளிக் கொடுத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, ருசியே இல்லை என்று தள்ளினாள். மாசமான புள்ளை கேட்டதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது என்று பிரகதீஸ்வரியும் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

மாடி கும்மிருட்டாக இருந்தது. நார்த்தாமலைப் பக்கம் தூரத்தில் லாரி போகிற சத்தம், எங்கோ ஒரு நாய், பெருங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த கூழின் ஆவி, காலடியில் பகல் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருக்கிற தளத்தின் இளஞ்சூடு. வேட்டியை நனைத்து விரித்தாள். அச்சில் கூழை அள்ளிப் போட்டாள். மகளின் கிண்ணத்தை நிரப்பினாள். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். வெள்ளி வெள்ளியாக அப்படியே நின்றது வானம். ஒன்றும் ஓடுகிற மாதிரி இல்லை. ஆனாலும் ஒரு கணம், தான் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு வண்டியின் முன்கண்ணாடியில் முதுகு ஒட்டிக் கிடக்கிறோம், அந்த இருட்டு தன் முகத்தை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

டப்.

குண்டானுக்குள். கூழ் கொதி அடங்கும்போது குமிழ் உடையும், அந்தச் சத்தம்தான். தினமும் கேட்பதுதான்.

தினமும் கேட்டதுதான். அப்படி நினைத்ததும் அவள் கை நின்றுவிட்டது. குண்டானை இறக்கி எவ்வளவு நேரம் ஆகிறது? மேலே ஆடை கட்டிவிட்டதே. இதில் எங்கிருந்து குமிழ்?

டப்.

இடுப்பில் செருகியிருந்த செல்லை எடுத்து டார்ச்சைப் போட்டாள். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக, வத்தல் பிழிகிற நேரத்தில் அந்த மாடியில் வெளிச்சம் விழுந்தது.

வெள்ளைக் கூழின் ஆடைமேல் மஞ்சள் பச்சையாகப் புத்தம்புதுச் சிதறல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று சிதறவில்லை. முழுசாக, மெத்தென்று, கால் எது தலை எது என்று தெரியாமல், ஈரத் தோலைச் சுருட்டிக்கொண்டு கூழுக்குள் புதைந்துகொண்டிருந்தது. கிண்ணத்துப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினாள். கிண்ணம் வழித்து நக்கிக் காலியாக இருந்தது. சரண்யாவின் உதட்டோரத்தில் நூலாக ஒரு மஞ்சள் ஈரம் தொங்கியது. நாக்கை நீட்டி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பிரகதீஸ்வரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். குண்டானோடு கூழைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தொண்டைக்குள் விரலைவிட்டாவது எடுத்துவிடடி என்று மகளைக் கெஞ்சினாள். சரண்யா வாந்தியெடுக்கவில்லை. ஆறு மாசமாக எல்லாவற்றையும் கக்கின புள்ளை, வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டிப்போன கூழுக்காக அழுதாள்.

கண்ணனுக்குப் போன் போட்டால், நாளைக் காலையில் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், ஏதோ பூச்சிக்குப் போய்ப் பதறாதே என்றான். பிளெஸ்ஸி கதவைத் தட்டினாள். பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருப்பாளாக இருக்கும்.

மத்தியானம் சரண்யா கூடத்தில் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். சேலை விலகின வயிற்றைப் பார்த்துவிட்டு பிரகதீஸ்வரி கரண்டியோடு அப்படியே நின்றாள். வயிறு நடுவில் இல்லை. மொத்தமும் ஒரு பக்கமாக, தெருச் சன்னல் பக்கமாகக் கூம்பிக்கொண்டு நின்றது. புள்ளை புரளுகிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தலைமாட்டை மாற்றிப் படு ஆத்தா என்றாள். சரண்யா முனகிக்கொண்டே எழுந்து, கால் இருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தாள். அந்தக் கூம்பு மெல்ல நகர்ந்தது. தோலுக்கு அடியில் ஊர்ந்து, தொப்புளைத் தாண்டி, மறுபக்கத்துக்கு வந்து, திரும்பவும் தெருச் சன்னலைப் பார்த்து நின்றது.

அந்தச் சன்னல் மேற்குச் சன்னல்.

மத்தியானம் மேற்கே இறங்கிவிடும் என்று பிளெஸ்ஸி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம்வரை மகளின் வயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவள். வெயில் சாயச் சாய அந்தக் கூம்பும் அமுங்கிக்கொண்டே வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வயிறு பலகை மாதிரித் தட்டையாகிவிட்டது, எட்டு மாசம் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். முதுகில் இடிக்குதும்மா, கீழே போகணும் கீழே போகணும்னு இடிக்குது என்றாள் சரண்யா. கொஞ்சம் தடவிவிடச் சொன்னாள்.

பிரகதீஸ்வரி தடவவில்லை. கை போகவில்லை. பெற்ற மகள், அவள் ஆறு வருஷம் அழுது வாங்கின புள்ளை, இருந்தும் அந்தத் தோலின்மேல் கை வைப்பதை நினைத்தாலே எச்சில் ஊறிக் குமட்டியது. சீ, நான் ஒரு தாயா என்று அடுப்படியில் போய் நின்று வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் தடவவில்லை.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். எப்போது கண் அயர்ந்தாளோ தெரியாது.

போன் அடித்துத்தான் விழித்தாள். விடிகிற நேரம். பாய் காலியாக இருந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. போனில் கண்ணன். குரலே அவன் குரலாக இல்லை.

"பிரகதி, மண்டபத்து வாசல்ல நிக்கிறேன். வேன் கண்ணாடி பூரா பூச்சி. விழுந்துக்கிட்டே இருக்கு. ராத்திரி பூரா நிறுத்தி வச்ச வண்டிடி."

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டிலேயே வாடை எதிரே வந்தது. துருவும் அழுகலும். மாடிக் கதவு திறந்திருந்தது.

டப். டப்.

வேட்டி விரித்திருந்தது. தொட்டி விளிம்பில் காக்கா ஒன்றும் இல்லை. தளம், சுவர், கொடி, குடை, எல்லாம் மஞ்சள் பச்சையாக மொழுகிக் கிடந்தது. எல்லாம் துடித்தது.

வேட்டிக்கு நடுவே சரண்யா. மல்லாந்து. வாயை அகலத் திறந்துகொண்டு. வயிற்றில் துணி இல்லை. வயிறு நேராக, உச்சிக்கு நேராக, கூம்பி நின்றது.

"அம்மா," என்றாள். வாய் நிறைய இருந்தது. "வாம்மா. ஒதைக்குது பாரு."

பிரகதீஸ்வரி அசையவில்லை. போ என்றது மனசு. போகாதே என்றது வயிறு. மகளல்லவா. வழுக்கி வழுக்கி, கால் விரலிடுக்கில் அந்தக் கொழகொழப்பு பிதுங்க, நடந்து போய் மண்டியிட்டாள். எழுந்திரு ஆத்தா, கீழே போவோம் என்றாள். சரண்யா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரக் கை. இழுத்து வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். விடவில்லை.

தோல் சூடாக இருந்தது. மெல்லிசாக இருந்தது. கண்ணாடி மாதிரி இழுத்து நின்றது.

டப்.

மேலேயிருந்து இல்லை.

டப்.

உள்ளங்கைக்குக் கீழே. உள்பக்கமிருந்து. காலில்லை அது, கையில்லை. மெத்தென்று ஒன்று வேகமாக வந்து மோதியது. சிதறியது. அவள் விரல்களுக்கு நடுவே, மகளின் தோலுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் பச்சையாக ஒரு கறை மெல்லப் பரவியது.

"ஒதைக்குதுல்ல?" என்று சரண்யா சிரித்தாள்.

இன்னொன்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அப்புறம், உள்ளேயிருந்து, மழையாக அடிக்கத் தொடங்கியது.